பத்து மணிக்குப் பார்த்த கழிப்பறை

எங்கள் சுகாதார ஆய்வாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, ஓய்வு பெற்றவர்கள் பணிக்கால அனுபவம் ஒன்றை எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தீபத் திருவிழாவின்போது கிரிவலப் பாதையில் தற்காலிகக் கழிப்பறைகள் அமைத்த கதையை நான் எழுதுவேன் என்று மலர்க் குழுவினர் எதிர்பார்த்திருக்கக்கூடும். அதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன், கைதட்டலும் பெற்றிருக்கிறேன். அதையே எழுத உட்கார்ந்து இரண்டு பக்கங்களை முடித்தும் விட்டேன்.

அந்த நேரத்தில் கலைவாணி தொலைபேசியில் அழைத்தார். அவர் அண்மையில் சுகாதார ஆய்வாளராகப் பணியில் சேர்ந்தவர். நான் இருந்த பிரிவிலேயே இருக்கிறார்.

“சார், ஒரு டவுட்டு. எனக்கு பார் செக்கிங் போட்டிருக்காங்க. கக்கூஸ், தண்ணி, செப்டிக் டேங்கு எல்லாம் பாக்கணும். எந்த டைம்ல போனா சரியா இருக்கும் சார்?”

“சாயங்காலம் போங்கம்மா. கூட்டம் இருக்கிறப்ப போங்க. துணைக்கு ஆள் கூட்டிக்கினு போங்க.”

“காலையிலயே முடிச்சிடும்மா, தொந்தரவு கம்மினு இங்க சொல்றாங்க. நீங்க எந்த டைம்ல சார் போவீங்க?”

வெளியே யாரோ வந்திருப்பதாகச் சொல்லி இணைப்பைத் துண்டித்தேன். யாரும் வரவில்லை. எழுதிய இரண்டு பக்கங்களையும் கிழித்துப் போட்டுவிட்டு, அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு விடையாக இதை எழுதுகிறேன்.

வேதியியலில் பட்டம் பெற்று, ஆய்வாளர் பயிற்சியையும் முடித்து நான் வேலைக்கு வந்தபோது, உறவினர் நடுவே என் பதவியைச் சொல்ல என் தந்தையார் கூசினார். அவர் பள்ளித் தலைமையாசிரியர். ‘கவர்மெண்டுல இருக்கான்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘கக்கூஸ் இன்ஸ்பெக்டர்’ என்று பெயர். அப்பெயரை அழிப்பதற்கென்றே சில ஒழுக்கங்களை வகுத்துக்கொண்டேன். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைதான் அணிவேன். ஆய்வுக்குச் சென்ற இடத்தில் ஒரு வாய் காபிகூட ஏற்க மாட்டேன். என் அறிக்கையில் அடித்தல் திருத்தல் இராது. பத்தாண்டுகளில் கோயில் வீதிக் கடைக்காரர்கள் என்னை ‘பி.எஸ்ஸி. இன்ஸ்பெக்டர்’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். அந்தப் பெயருக்கு ஒரு கீறலும் விழாமல் காப்பதே பாதி வேலையாக இருந்தது.

மற்றப் பாதி வேலையைக் கற்றுக் கொடுத்தவர் டாக்டர் ஜமால். எங்கள் சுகாதார அதிகாரி. இந்த ஊரில் நெடுங்காலமாகத் துணி வியாபாரம் செய்துவந்த குடும்பத்தில் பிறந்தவர். உருவத்தில் சிறியவர். எவரிடமும் உரக்கப் பேசியதில்லை. ஜீப்பில் ஏறியதும் தம் புட்டியிலிருந்து தண்ணீரை நிதானமாகக் குடிக்கத் தொடங்குவார். உணவகமோ, திரையரங்கமோ, தங்கும் விடுதியோ, சென்று இறங்கியதும் வணக்கம் சொல்லிவிட்டு, “பாத்ரூம் எங்கப்பா?” என்று கேட்டு நேரே உள்ளே போய்விடுவார். பாவம், டாக்டருக்கே சர்க்கரை வியாதி என்று முதலாளிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். திரும்பி வந்து, கையைத் துடைக்காமல் நீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு என்னிடம் கேட்பார்.

“கதவு உண்டுனு எழுதியிருக்கீங்க. சாத்திப் பாத்தீங்களா?”

“இல்லீங்க சார்.”

“அடியில தட்டுது. சாத்தாத கதவுக்கு என்னா பேரு? செவுரா? உள்ள போய்ட்டு வந்து எழுதுங்க. கண்ணால பாத்து எழுதறது பெயிண்ட் அடிக்கிறவன் வேலை. நீங்களும் வர்றதுக்கு மின்ன தண்ணி குடிச்சிட்டு வாங்க.”

அன்று முதல் நானும் தண்ணீர் குடித்துவிட்டுப் போகத் தொடங்கினேன். கால் எங்கே வைக்கிறோம், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, தாழ்ப்பாள் விழுகிறதா, கைகழுவக் குழாய் எட்டுகிறதா என்பவை உட்கார்ந்தால்தான் தெரியும். வாசலில் நின்று பார்ப்பவனுக்கு எல்லாக் கழிப்பறையும் ஒரே மாதிரிதான்.

மேடைகளில் நான் சொல்லும் தீபத் திருவிழாக் கதையும் அவருடையதுதான். தகரக் கழிப்பறைகளைப் பாதையோரம் நூல் பிடித்தாற்போல் வரிசையாக நிறுத்திவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து நின்றேன். டாக்டர் நடந்து பார்த்தார்.

“எல்லாக் கதவும் ரோட்டையே பாக்குதே. அத்தினி பேரும் நடந்து வருவாங்க. அவுங்க கண்ணு மின்னாடி எந்தப் பொம்பளை கதவத் தொறந்து உள்ள போவா? அடக்கிக்கினு நடந்துடுவா. திருப்பி வைங்க.”

ஒரு பகல் முழுவதும் ஆட்களை வைத்துத் திருப்பினோம். அவ்வாண்டு பெண்கள் வரிசையாக நின்று பயன்படுத்தினார்கள். கழிப்பறை இருப்பது ஒன்று, அதைப் பயன்படுத்த முடிவது மற்றொன்று என்பதை என் கண்ணாலேயே கண்டேன். ஆகையால் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

ஒரே ஒரு வகை இடத்தில் மட்டும் நான் டாக்டரைப் பின்பற்றவில்லை. மதுக்கடைகளை ஒட்டிய பார்களில்.

முதல் முறை அவருடன் பார் ஆய்வுக்குப் போனது ஒரு மாலை வேளை. அவர் இறங்கி உள்ளே சென்றார். நான் ஜீப்பிலேயே இருந்தேன். திரும்பி வந்தவர் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்தார்.

“நீங்க வர்லியா?”

“வேணாங்க சார். பாக்கறவங்க தப்பா நெனப்பாங்க.”

“நான் அஞ்சு வேளை தொழறவன்யா. நான் போய்ட்டு வர்ல? என்னா நெனப்பாங்க? கக்கூஸ் பாக்க வந்திருக்கான்னு நெனப்பாங்க. அதானே நம்ம வேலை.”

அப்போதும் நான் இறங்கவில்லை. அவர் வற்புறுத்தவில்லை. அடுத்த ஆண்டு வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். அவர் போன பிறகு பார் ஆய்வை நானே எனக்கு வசதியாக அமைத்துக்கொண்டேன். காலை பத்து மணிக்குப் போவேன். கடை திறக்க இரண்டு மணி நேரம் இருக்கும். வாசல் ஷட்டர் பாதி ஏற்றியிருக்கும். மேசைகள்மேல் நாற்காலிகள் கவிழ்ந்திருக்கும். குடிப்பவர் ஒருவரும் இருக்க மாட்டார். என்னை யாரும் பார்க்க மாட்டார்கள். அங்கே மட்டும் தண்ணீர் குடித்துவிட்டுப் போவதில்லை. அங்கே உட்கார என் மனம் இடம் தரவில்லை.

வேங்கிக்கால் ஊரைத் தாண்டிப் பெருஞ்சாலை ஓரத்தில் இருந்த பார் ஒன்றைப் பற்றியே சொல்ல வேண்டும். ஒப்பந்ததாரர் பெயர் தண்டபாணி. நான் வரும் நாளை எப்படியோ அறிந்து வைத்திருப்பார். நான் போகும்போது பிளீச்சிங் பவுடர் மணம் வாசல்வரை வரும். கூடத்தின் பின்கதவைத் திறந்தால் காலிப் புட்டிகள் அடுக்கிய பெட்டிகள். அவற்றுக்கு இடையே ஒருவர் நுழையும் வழி. இரண்டு படி கீழே இறங்கினால் வெள்ளை ஓடு பதித்த நீண்ட சுவர். ஆண்கள் நின்றுகொண்டு போவதற்கு. அச்சுவரின் கடைசியில், பிளாஸ்டிக் கதவுடன் ஒரே ஒரு கழிப்பறை. வாளி நிறையத் தண்ணீர். நான் படியில் நின்று எட்டிப் பார்த்துப் படிவத்தை நிரப்புவேன். கழிப்பறை: உண்டு. தண்ணீர்: உண்டு. கதவு: உண்டு. நிலை: திருப்தி.

அங்கே மல்லிகா என்றொரு பெண்மணி வேலை பார்த்தார். நாற்பது வயதிருக்கும். ஊர் அடி அண்ணாமலை. காலையில் கூடத்தைப் பெருக்கி, வெங்காயம் அரிந்து, கடை திறந்த பிறகு ஒன்பது மணிவரை கிளாஸ் கழுவுவார். அங்கே பெண் அவர் ஒருவர்தான். ஒரு முறை நான் படியில் நின்று எழுதிக்கொண்டிருந்தபோது, கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்.

“சார், அந்தக் கதவுக்கு ஒரு தாப்பா போடச் சொல்லுங்க சார்.”

“தாழ்ப்பாள் இல்லையாம்மா?”

தண்டபாணி முந்திக்கொண்டார். “போன வாரம்தான் சார் பிச்சிக்கினு வந்துச்சு. குடிகாரனுங்க இழுத்துட்டானுங்க. நாளைக்கே போட்டுடறேன்.”

“நாளைக்கு போட்டுடணும்,” என்றேன். அத்துடன் அது முடிந்தது. கதவு உண்டு என்று எழுதினேன். அது சாத்துகிறதா என்று நான் சாத்திப் பார்க்கவில்லை.

அடுத்த முறை தண்டபாணி வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். மல்லிகா அருகில் வந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

“சாயங்காலம் ஒரு தபா வந்து பாருங்க சார். இப்ப பாத்தா ஒன்னும் தெரியாது. ஆம்பளைங்க வரிசையா நிப்பாங்க. அவுங்க முதுவுக்குப் பின்னால ஒரசிக்கினுதான் அந்தக் கதவாண்ட போவணும். தாப்பாவும் இல்ல. எவனாவது தள்ளிக்கினு வந்துடுவான்.”

“அப்ப நீங்க என்னம்மா பண்றீங்க?”

“மத்தியானத்துலேர்ந்து தண்ணி குடிக்க மாட்டேன் சார். முடியலனா ரோட தாண்டி எதுர்ல பிளாட்டு போட்டிருக்காங்க பாருங்க, அங்க முள்ளு மறப்புல போய்ட்டு வந்துருவேன்.”

“பார்க்கிறேம்மா. ஒரு நாள் சாயங்காலம் வரேன்,” என்று சொன்னேன்.

போகவில்லை. அப்போது என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் ஊரில் பலரிடம் என்னைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். மாலை ஏழு மணிக்கு நான் பார் வாசலில் இறங்குவதை யாரேனும் பார்த்துவிட்டால் என்ற எண்ணமே எனக்குப் போதுமானதாக இருந்தது. திருமணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். திருமணம் முடிந்தது. அதன் பிறகு அந்த எண்ணமே மறந்துபோனது. மறந்துபோனேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

எதிர்ப்புறத்து மனைகள் முன்பு மணிலாக்கொட்டை விளைந்த நிலங்கள். வேலிக்காத்தான் புதருக்குள் கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய பாசனக் கிணறு ஒன்று மூடப்படாமல் கிடந்தது. மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை, பொழுது இருட்டும் வேளையில் மல்லிகா அதற்குள் விழுந்தார். அடியில் இடுப்பளவு சேறும் நீரும். இடுப்பெலும்பு முறிந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கத்தியிருக்கிறார். பாரில் கழுவிய கிளாஸ் தீர்ந்துபோன பிறகுதான் அவரைத் தேடியிருக்கிறார்கள்.

உயிர் பிழைத்தார். ஆனால் கோலின்றி நடக்க முடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். உறவினர் ஒருவர் உதவியுடன் நஷ்டஈடு கேட்டு மனுக் கொடுத்தார். விசாரணைக்கு என்னையும் அழைத்தார்கள். அரசு அலுவலகம் ஒன்றில் ஒரு சிறிய அறை. மல்லிகா நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். தண்டபாணியின் கையில் என் அறிக்கைகளின் நகல்கள் இருந்தன. வரிசையாக, சுத்தமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

“பாருங்க சார், கக்கூஸ் வசதி பண்ணிக் குடுத்திருக்கேன். இன்ஸ்பெக்டர் சாரே எழுதியிருக்காரு. அத உட்டுட்டு ரோட தாண்டிப் போய் உழுந்தா நான் என்னா பண்ணுவேன்?”

விசாரணை அதிகாரி என் பக்கம் திரும்பினார். “இது உங்க ரிப்போர்ட்தானே சார்?”

“ஆமாம்.”

“கழிப்பறை இருந்ததா?”

“இருந்தது.”

“பயன்படுத்தற நிலையில இருந்ததா?”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியவை எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தன. நான் போனது காலை பத்து மணிக்கு. நான் உள்ளே போனதில்லை. இந்தப் பெண்மணி என்னிடம் இரண்டு முறை முறையிட்டார். மூன்று வாக்கியங்கள். ஓய்வுக்குப் பதினொரு மாதங்கள் இருந்தன. பணிப் பதிவேட்டில் ஒரு குறிப்பும் ஏறியதில்லை.

“நான் பார்த்தபோது இருந்தது,” என்றேன்.

அதிகாரி மல்லிகாவிடம் கேட்டார். “நீங்க என்னம்மா சொல்றீங்க? அங்க கக்கூஸ் இல்லியா?”

“இருந்துச்சு சார். இல்லனு நான் சொல்லல. சாரு பொய் எழுத மாட்டாரு. ஒரு டீ கூடக் குடிக்க மாட்டாரு சார் அவரு. ஆனா சாயங்காலத்துல...”

அதிகாரி அதற்குள் எழுதத் தொடங்கியிருந்தார். மல்லிகா என்னைப் பார்த்தார். மீதியை நான் சொல்வேன் என்று காத்திருந்தார் என்று இன்றும் நம்புகிறேன். நான் என் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். பணியிடத்தில் வசதி இருந்தும் மனுதாரர் தம் விருப்பப்படி வெளியே சென்றார் என்று எழுதி மனுவை முடித்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் ஒரு நாள், வீட்டில் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, மாலை ஏழு மணிக்கு அந்தப் பாருக்குப் போனேன். கூடம் நிறைந்திருந்தது. கோயில் வீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், பல ஆண்டுகள் என்னை அறிந்தவர், ஒரு மேசையில் இருந்தார். என்னைப் பார்த்து, “வாங்க சார், செக்கிங்கா?” என்றார். பதிலுக்குக் காத்திராமல் தட்டிலிருந்த அவித்த முட்டைக்கு மிளகுத்தூள் தூவத் தொடங்கினார். என் நற்பெயருக்கு நேர்ந்தது அவ்வளவுதான்.

பின்கதவைத் தாண்டினேன். படிகளில் ஈரம். ஒரே விளக்கு, அதுவும் கூடத்தின் பக்கம். சுவரை நோக்கி ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முதுகுக்கும் பெட்டிகளுக்கும் நடுவே பக்கவாட்டில்தான் நகர முடிந்தது. தரையில் ஓடியது என் செருப்பின் விளிம்பைத் தாண்டியது. ஒருவர் தலையைத் திருப்பாமலே, “பெருசு, உள்ள போறதுனா கதவக் கையால புடிச்சிக்க. தானா நிக்காது,” என்றார். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு துளைகள். ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். ஒரு கையால் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு இருட்டில் நின்றேன். வெளியிலிருந்து எவரோ ஒரு முறை தள்ளினார்கள். கயிறு கையை அறுத்தது. வந்த வேலை முடியாமலே திரும்பினேன்.

மறுநாளே நோட்டீஸ் கொடுத்தேன். பெண் பணியாளருக்கு முன்புறத்தில் தனிக் கழிப்பறை, அதுவரை இருக்கும் கதவுக்குத் தாழ்ப்பாள். தாழ்ப்பாள் போட ஆசாரிக்குக் கால் மணி நேரம் பிடித்ததாகத் தண்டபாணி சொன்னார்.

விசாரணை அதிகாரிக்கும் ஒரு கடிதம் எழுதினேன். என் அறிக்கை எந்த நேரத்து அறிக்கை என்பதை விளக்கி, கையெழுத்திட்டு, உறையிலும் போட்டேன். அனுப்பவில்லை. பதினொரு மாதங்கள் அது மேசை இழுப்பறையில் கிடந்தது. ஓய்வு நாளன்று எனக்குச் சால்வை போர்த்தி, ‘ஒரு ரிமார்க்குகூட இல்லாத சர்வீஸ்’ என்று பேசினார்கள். வீட்டுக்கு வந்து அந்த உறையை வேறு இழுப்பறைக்கு மாற்றினேன்.

கலைவாணி அவர்களே, நான் காலை பத்து மணிக்குப் போவேன்.

நீங்கள் கேட்ட பின் வந்த பௌர்ணமியன்று கிரிவலம் போனேன். வயது காரணமாகக் கூட்டம் சேருமுன் பிற்பகலிலேயே நடந்துவிடுவது என் வழக்கம். அடி அண்ணாமலையில் பாதையை விட்டு உள்ளே திரும்பும் சந்தொன்றின் முனையில், அட்டையில் சுண்ணாம்பால் எழுதியிருந்தது: ‘பாத்ரூம் வசதி. பெண்களுக்கு மட்டும்.’ அதன் கீழே, மடியில் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் மல்லிகா உட்கார்ந்திருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடப் பார்த்தேன்.

“சார். இன்ஸ்பெக்டர் சார்தானே?”

நின்றேன்.

“வெயில்ல வர்றீங்களே. தண்ணி குடிங்க.”

கொடுத்த சொம்பை வாங்கிக் குடித்தேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும் துணிவு வரவில்லை. “அன்னிக்கு விசாரணையில நான் சொல்லியிருக்கணும்மா,” என்றேன்.

சொம்பைத் திரும்ப வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

“ரெண்டு தபா சொன்னேன் சார் உங்ககிட்ட,” என்றார். குரலில் கோபம் இல்லை. மன்னித்ததாகவும் சொல்ல முடியாது. பிறகு ஊன்றுகோலால் சந்தின் உட்புறத்தைக் காட்டினார். “ஆம்பளைங்கள உடறதில்ல. நீங்க போய்ட்டு வாங்க. எப்படி இருக்குதுனு பாத்துச் சொல்லுங்க.”

போனேன். கதவு பாதையைப் பார்க்கவில்லை. வீட்டுச் சுவரை நோக்கித் திரும்பியிருந்தது. படி இல்லை. தரை காய்ந்திருந்தது. மேலே ஒரு ஜன்னலிலிருந்து வெளிச்சம் நேராக விழுந்தது. குழாய் உட்கார்ந்தபடியே எட்டியது. கதவைச் சாத்தினேன். இரும்புத் தாழ்ப்பாள், மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டையும் போட்டேன். இரண்டும் விழுந்தன.

வெளியே ஒரு பெண் குரல் கேட்டது. “ஏன்க்கா, லேடீசுக்குனு எழுதிட்டு ஆம்பளை ஒருத்தரு உள்ள போயிருக்காரே?”

“செத்த இரும்மா,” என்றார் மல்லிகா. “கக்கூஸ் பாக்க வந்திருக்காரு.”

தாழ்ப்பாளில் வைத்த கையை எடுத்துக் கதவைத் திறக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.